மந்திரித்த டீசல்

சிப்பிக்குடாவுக்கு முதலில் வந்தது ஒரு செங்கல் லாரி. நல்ல உச்சி வெயில், மீன் ஏலம் சூடு பிடித்திருந்த நேரம், துறைமுக ரோட்டில் இறங்கி வந்த அந்த லாரி ஐஸ் கம்பெனியைத் தாண்டி, ஏலக்கூடத்தைத் தாண்டி, காயப்போட்டிருந்த வலைகளை மரியாதையாகச் சுற்றிப் போய், யாரையும் இடிக்காமல், யாரையும் கேட்காமல், நேரே கடலுக்குள் இறங்கி, முன்சக்கரம் மறைகிற ஆழத்தில் நின்று, எஞ்சினை அணைக்காமல் எருமை மாதிரி சுகமாக உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்து, கடைசியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த பிலோமியைப் பார்த்து, "யக்கா, இது எந்த ஊரு?" என்று கேட்டான்.

"சிப்பிக்குடா."

"நான் சாத்தூருக்குல்லா போகணும்?"

"நீ போகணும்ப்பா. ஒன் லாரிக்கு அப்படித் தோணலையே," என்றாள் பிலோமி. அதற்குள் ஏலக்காரர் அடுத்த கூடைக்கு விலை கேட்க ஆரம்பித்துவிட்டார். கடலுக்குள் ஒரு லாரி நிற்கிறது என்பதற்காக ஏலத்தை யாராவது விடுவார்களா? அவள் கரையேறிப் போய்விட்டாள்.

ஏன் வந்தது, எதற்கு வந்தது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால்தானே பதில் சொல்ல வேண்டியிருக்கும்! சிப்பிக்குடாவில் திருவிழா முடிந்த மறுநாள் பங்குச்சாமியார் துறைமுகத்துக்கு வந்து படகுகளை மந்திரிப்பது வழக்கம். ஒவ்வொரு படகிலும் தீர்த்தம் தெளித்து, கடலுக்குப் போவது கரைக்குத் திரும்பட்டும் என்று ஜெபம் சொல்லிவிட்டுப் போவார். இந்த வருஷம் டீசல் பங்க் கஸ்பார் முதலாளி, தேருக்குத் தங்க வர்ணம் அடித்துக் கொடுத்த மிதப்பில், படகுகளையெல்லாம் தனித்தனியாக எதற்கு மந்திரிக்க வேண்டும், எல்லாப் படகும் குடிப்பது என் டாங்கியில்தானே, டாங்கியை மந்திரியுங்கள் சாமி என்று ஒற்றைக்காலில் நின்றார். சாமியாருக்கும் வெயில். அவர் பங்க் டாங்கியின் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளேயே தீர்த்தத்தை ஊற்றி, இதிலிருந்து புறப்படுவது எல்லாம் கடலுக்கே போகட்டும் என்று ஜெபித்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். கடலுக்கே போகட்டும் என்றால் கடலுக்கே போகும், இதில் ஆராய என்ன இருக்கிறது?

ஆனால் அந்த டாங்கியிலிருந்து புறப்படுவது எல்லாம் படகுக்குப் போவதில்லை என்பதுதான் ஊரறிந்த ரகசியம். மீன்பிடிப் படகுகளுக்கென்று அரசாங்கம் வரி இல்லாமல் கொடுக்கிற டீசல் அது. ஊருக்கு அந்த ஒரு பங்க்தான். படகுக்காரர்கள் முழு அளவுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாதியைப் பிடித்துக்கொண்டு போவார்கள். மீதிப் பாதி டேங்கர் ஏறி ஊருக்கு வெளியே போய்ச் சூளைக்காரனுக்கும் லாரிக்காரனுக்கும் கள்ள விலைக்குப் பாயும். கையெழுத்துப் போடுகிறவன் சட்டைப் பையில் கஸ்பார் ஏதோ திணிப்பார். போடாதவனுக்கு, "ஸ்டாக் இல்லையே மக்கா," என்று கையை விரிப்பார்.

பிலோமி கையெழுத்துப் போடவில்லை. அவள் புருஷன் சவரியானுக்கு வலை இழுக்கிற வின்ச்சில் கால் நசுங்கிப் போனபிறகு படகு அவள் பேரில்தான் ஓடியது. ஆள் கூட்டுவது, ஐஸ் ஏற்றுவது, டீசல் பிடிப்பது எல்லாம் அவள்தான். முதல் தடவை பங்க்கில் பாதி டீசலை ஊற்றிவிட்டு முழுசுக்கும் கையெழுத்துக் கேட்டபோது, "ஊத்துனதுக்குப் போடுதேன், ஊத்தாததுக்கு ஒம்ம பொண்டாட்டிய போடச் சொல்லும்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வாய்க்கொழுப்புதான், யார் இல்லை என்றது? அதோடு அவள் படகுக்கு ஸ்டாக் இல்லாமல் போயிற்று. படகு கட்டிய இடத்திலேயே கிடந்து, அடிப்பலகையில் புழு ஏறி, பாசி பிடித்து, பார்க்கிறவர்கள் வயிறெரியும்படி ஆயிற்று. கட்டுமரக்காரர்களிடம் கூடை மீன் வாங்கி ஏலத்தில் வைத்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவள் வழங்கல் அதிகாரிக்கு மனு கொடுத்தாள், போலீசுக்கு மனு கொடுத்தாள், கலெக்டர் குறைதீர்க்கும் நாளில் போய் உட்கார்ந்தாள். போகிற இடத்திலெல்லாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அசையமாட்டேன் என்றாள். கடைசியில் இவள் தொல்லை தாங்காமல்தான் கஸ்பார்மேல் கேஸ் போட்டார்கள். கேஸ் போட்டவர்களே அது நிற்காது என்று அவளிடம் சிரித்துக்கொண்டே சொல்லியும் அனுப்பினார்கள்.

அந்த நேரத்தில்தான் இந்த வண்டிகள் வர ஆரம்பித்தன.

செங்கல் லாரிக்கு மறுநாள் ஒரு டிராக்டர் வந்தது, டிராக்டருக்குப் பின்னால் ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி தன் நீளக் கம்பிகளோடு வந்தது, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் தன்னை இழுத்துவந்த வேனையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தது, தார் ரோடு போடுகிற எந்திரம் போட்ட ரோட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஆவி பறக்க வந்தது, இஞ்சினியரிங் காலேஜ் பஸ் ஒன்று பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக் கத்திக்கொண்டிருக்க, ஏதோ சுற்றுலாவுக்குக் கிளம்பியதுபோல வந்து இறங்கி நின்றது. எல்லாம் வரிசையாக, கொம்பு முட்டாமல், அலை வந்தால் கொஞ்சம் ஆடி, அலை போனால் அசையாமல் நின்றன. இழுத்துப் போக வந்த கிரேனும், அதுவும் அதே டீசலைக் குடித்த கிரேன்தான் போலும், இழுக்க வந்ததை மறந்துவிட்டுப் பக்கத்தில் ஒரு இடம் பார்த்து இறங்கிக்கொண்டது.

ஊர் என்ன செய்தது என்கிறீர்கள்? ஒரு வாரம் பார்த்தது, பிறகு பழகிவிட்டது. ஆழ்துளை வண்டியின் கம்பிகளில் வலை காயப்போட வசதியாக இருந்தது. லாரியின் பானட் சூட்டில் நெத்திலி ஒரே வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்தது. அந்தக் கருவாட்டுக்கு லேசாக டீசல் வாசனை இருந்தாலும், வெளியூர் வியாபாரிகள் அதையே புது ரகம் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். படகுக் கமிட்டி கூடி, எந்த வண்டி எந்த இடத்தில் நிற்க வேண்டும், படகு போகிற வழியை மறிக்கக் கூடாது என்று சுண்ணாம்புக் கோடு போட்ட மிதவைகளை மிதக்கவிட்டது. வண்டியை விட்டுப் போக மனமில்லாத டிரைவர்கள் கரையில் பொங்கித் தின்று, வலை பிரிக்கக் கற்றுக்கொண்டு, கடலுக்கும் போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். வீடு ஒழுகுகிறது என்று ஒரு குடும்பம் காலேஜ் பஸ்ஸிலேயே குடியேறி, வாசலில் செம்பருத்தி வைத்தது. இவ்வளவுக்கும் நடுவில், இந்த வண்டிகள் யார் டீசலைக் குடித்தன என்று மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் அவனவன் போட்ட கையெழுத்து எட்டிப் பார்க்குமே!

பிலோமிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாட்சி கடலுக்குள் மலைபோல நிற்கிறது, ஊரே அதன்மேல் கருவாடு காயப்போடுகிறது என்றால் கோபம் வராதா? அவள் மறுபடியும் வழங்கல் அதிகாரியிடம் போய் உட்கார்ந்து, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். அவரும் ஒருநாள் ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்க்கை சோதனை போடுவதாகச் சொல்லிக் கிளம்பினார். கஸ்பார் பங்க் வாசலில் இளநீர் வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஜீப் வந்தது. பங்க் வாசலில் நிற்கவில்லை. இளநீரைப் பார்த்துக்கொண்டே அதிகாரி கடந்து போனார். நேரே போய்க் கிரேனுக்கு அந்தப் பக்கம் கடலில் இறங்கியது அரசாங்க ஜீப்.

கரையில் நின்ற ஜனம் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டது. அதிகாரி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, தண்ணீரில் தள்ளாடி வந்து, "அலை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு. இழுத்துட்டுது," என்றார்.

"ஆமா சார்," என்றாள் பிலோமி. "ரோட்டுல அலை அடிச்சு இழுத்துட்டுது. உங்க ஜீப்புக்கு டீசல் எங்க சார் போட்டிய?"

அவர் காலை உதறிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். ஆனால் போகும்போது பங்க்கில் பாட்டிலில் சாம்பிள் எடுத்து, அரக்கு வைத்து, பிலோமி கண் முன்னால் கோர்ட்டுக்கு அனுப்பத்தான் வேண்டியதாயிற்று. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு வழியில்லை.

கஸ்பாருக்கு அதோடு வேர்த்துவிட்டது. அவர் கமிட்டியைக் கூப்பிட்டுப் பேசினார். கமிட்டி பிலோமியின் கொழுந்தன் லாசரைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்கு வந்தது. லாசரும் ஒரு படகுக்காரன். அண்ணன்மேல் பாசம், மயினியிடம் பயம், கஸ்பாரிடம் பையில் வாங்கின பழக்கம், மூன்றும் உள்ளவன்.

"மயினி, ஒரு வார்த்தை. கோர்ட்டுல போயி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிருங்க. அன்னைக்கு சாயங்காலமே ஒங்க படகுக்கு டாங்கி நிறைய டீசல். முதலாளி மாதாமேல சத்தியம் பண்ணுதாரு."

"சொல்லலன்னா?"

"பங்க்குக்கு சீல் வச்சிருவான். ஊர்ப் படகு அம்புட்டும் கிடக்கும். பிள்ளைகுட்டிய வச்சிருக்கவன் எல்லாம் ஒங்களத்தான் சபிப்பான்."

"என் படகு கிடக்குதே, அதுக்கு எவன் எவனைச் சபிச்சான்?" என்றாள் பிலோமி. "நானும் ஒரு கேள்வி கேக்குதேன், சொல்லும். ஊத்தாத டீசலுக்குக் கையெழுத்துப் போட்டியளே, அது எங்க போவுதுன்னு தெரியாமலா போட்டிய? தொட்டிலு மாதிரி ஆடுத லாரி மேல கருவாடு காயப்போடுதியளே, வெக்கமா இல்ல?"

கமிட்டித் தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் அங்கேயே தீர்ப்புச் சொன்னார்: பிலோமி தொட்ட கூடைக்கு ஏலத்தில் ஒருத்தரும் விலை கேட்கக் கூடாது. மறுநாள் முதல் அப்படியே ஆயிற்று. அவள் கூடையை வைப்பாள், ஏலக்காரர் அதை மட்டும் காணாதவர்போல அடுத்த கூடைக்குத் தாவுவார், மீன் வெயிலில் கண் வெளுத்துக் கிடக்கும். சவரியான் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு ஏலக்கூடம் வரைக்கும் வந்து, விலைபோகாத மீனைப் பார்த்தான். பிலோமி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் விட்டுவிடு என்று ஒரு சொல் சொன்னால் தான் விட்டுவிடுவோமோ என்று அவளுக்குப் பயம்.

"குழம்பு வச்சிருவோம்," என்றான் சவரியான். "நிறைய மீனு போட்டு வை." அவ்வளவுதான் சொன்னான். அன்றைக்கு அந்த மனுஷன்மேல் அவளுக்குப் பொங்கி வந்த பிரியத்துக்கு அளவே இல்லை.

விசாரணை நாள் வந்தது. கோர்ட்டு தாலுகா ஊரில், சந்தைக்குப் பக்கத்தில், பழைய ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது. நடுவராக இருந்தவர் ஒரு நடுத்தர வயது அம்மா. பொறுமையாகக் கேட்பார், யார் பேச்சையும் நம்பமாட்டார். குற்றவாளிக் கூண்டில் கஸ்பார் வெள்ளை வேட்டியில் நின்றார். சிப்பிக்குடா ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள், ஒவ்வொருவராகப் பிறழ்ந்தார்கள். எனக்குத் தெரியாது அம்மா. நான் பார்க்கவில்லை அம்மா. டீசல் முழுசாகக் கிடைக்கிறது அம்மா. கடலில் நிற்கிற லாரியா? கழுவ வந்திருக்கும் அம்மா. கடைசியாகச் சாம்பிள் பாட்டிலை எடுத்து அரக்கை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்தது கிணற்றுத் தண்ணீர்.

மிச்சம் இருந்தவள் பிலோமி ஒருத்திதான். அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். கஸ்பாரின் வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"கள்ள டீசல் கடலுக்கு இழுக்குதுன்னு சொல்றீங்க. அப்படித்தானே?"

"நான் சொல்லல. வண்டிக்குத் தெரியுது, வந்து நிக்கிது."

"அதுக்கு ஏதாவது அத்தாட்சி உண்டா?"

"இருந்துச்சு. பாட்டில்ல தண்ணியாயிட்டுது."

கோர்ட்டே சிரித்தது. நடுவர் அம்மா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கரண்டு போயிற்று. மின்விசிறி தளர்ந்து நின்றது, டைப் அடிக்கிற மெஷினும் நின்றது, டவாலி சேவகர் பின்பக்கம் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட்டார். அது இருமி, உறுமி, ஓட ஆரம்பித்தது. விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, கோர்ட்டு கிளம்பியது.

ஆமாம், கோர்ட்டுதான். அஸ்திவாரத்தை அலுங்காமல் எடுத்துக்கொண்டு, ஓடு ஒன்று உதிராமல், வாசல் வேப்பமரத்துக்கு வழிவிட்டுத் திரும்பி, சந்தைக்குள் நுழைந்து வெங்காயக் கடையை ஒதுங்கி, மெயின் ரோட்டுக்கு வந்து, சிப்பிக்குடா பக்கம் முகம் வைத்து நடந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்ற ஜனங்கள், கடற்கரைப் பக்கம் போகுமா என்று கேட்டு, போகும் என்று யாரோ சொன்னதும் கூடையோடு வராந்தாவில் ஏறிக்கொண்டார்கள். நடுவர் அம்மா ஜன்னல் வழியாக ஓடுகிற பனைமரங்களை ஒருதரம் பார்த்தார், மேசைமேல் நழுவிய வழக்குக் கட்டுகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், "சாட்சி சொல்லட்டும்," என்றார்.

பிலோமி சொன்னாள். கட்டடம் ஆட ஆட, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பங்க்கில் பாதி ஊற்றுவதைச் சொன்னாள், டேங்கர் ஏறுகிற பாதையைச் சொன்னாள், ஸ்டாக் இல்லை என்று தன்னை விரட்டியதைச் சொன்னாள், படகில் புழு ஏறியதைச் சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே நிறுத்தாமல் சொன்னாள். கோர்ட்டு உப்பளத்தைக் கடந்தது. ஐஸ் கம்பெனியைக் கடந்தது. துறைமுகச் சரிவில் அது வேகம் எடுத்தபோது, திறந்திருந்த வாசல் நிறையக் கடல் தெரிந்தது.

கஸ்பார் முதலாளிக்கு நீச்சல் தெரியாது. பங்க் வைத்த நாளிலிருந்து அவர் கடலில் கால் நனைத்ததில்லை. கடலைப் பார்த்ததும் அவருக்கு வக்கீல் சொல்லிக்கொடுத்தது எல்லாம் மறந்துபோயிற்று. கூண்டுக் கம்பியில் ஏறி நின்று வேட்டி அவிழக் கத்தினார்:

"ஏலே, அந்த ஜெனரேட்டரை அணைங்கலே! அது நம்ம பங்க் டீசல்லே! நான்தாம்லே கொடுத்தேன், அணைங்கலே!"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். டைப் அடிக்கிறவர் கேட்டது கேட்டபடி அடித்து முடித்திருந்தார், அவர் வேலை அதுதானே. கோர்ட்டு கடலில் இறங்கி, கிரேனுக்கும் காலேஜ் பஸ்ஸுக்கும் நடுவில் இடம் பார்த்து நின்றது. தண்ணீர் வாசற்படி ஏறி, பெஞ்சுகளின் கால்களைச் சுற்றி, நடுவர் அம்மாவின் செருப்பை மிதக்கவிட்டது.

"யாரு கொடுத்தாவன்னு எழுதியாச்சு," என்றாள் பிலோமி. "யாரு வாங்குனாவன்னும் எழுதுங்கம்மா."

டவாலி சேவகர் தலையைக் குனிந்துகொண்டார். நடுவர் அம்மா முகம் மாறி, நிமிர்ந்து உட்கார்ந்து, டைப் அடிக்கிறவர் பக்கம் திரும்பி, "வாங்கியது இந்த நீதிமன்றம்," என்று சொல்லி, "எழுதுங்க," என்றார். பிறகு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "தண்ணி வடியட்டும். மத்த சாட்சிகளைத் திரும்ப விசாரிக்க வாய்தா போடலாம்," என்றார்.

"வாய்தா வேண்டாம்மா. ஜெனரேட்டர் ஓடுற வரைக்கும் கோர்ட்டு இங்க நிக்கும். வாய்தா போட்டா நீங்க மறுபடி தாலுகா ஊருலதான் உக்காருவிய, அங்க வந்து இவிய அத்தனை பேரும் மறுபடி தெரியாதுன்னுதான் சொல்லுவாவ. இங்க அவிய வலை காயுது, அவிய பிள்ளைங்க பாத்துக்கிட்டு நிக்கிது. இங்க பொய் சொல்ல முடியுமான்னு பாப்போம். இப்பவே கூப்பிடுங்க."

கரையில் ஊரே கூடியிருந்தது. பொய் சொல்லிவிட்டு கோர்ட்டோடு வந்து சேர்ந்த ஆண்கள் வராந்தாவிலிருந்து குதித்து அவர்களோடு போய் நின்றுகொண்டிருந்தார்கள். டவாலி சேவகர் வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று, கையை வாயில் குவித்து, வழக்கப்படி கூப்பிட்டார்.

"லாசர்! லாசர்! லாசர்!"

ஒருத்தரும் அசையவில்லை. கமிட்டித் தலைவர் லாசரின் தோளில் கையை வைத்தார். லாசர் அந்தக் கையைப் பார்த்தான், கரையில் கட்டிக் கிடந்த அண்ணன் படகைப் பார்த்தான், தோளை உதறிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். அலை அவனைப் பக்கவாட்டில் தள்ளியது, அவன் நின்று, மறுபடி நடந்து, கோர்ட்டுப் படியைப் பிடித்தான். பிலோமி கூண்டிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்து, குனிந்து கை கொடுத்து அவனை உள்ளே இழுத்து நிறுத்தினாள்.

"ஊத்தாத டீசலுக்கு நான் கையெழுத்துப் போட்டேம்மா," என்று முனகினான் லாசர்.

"சத்தமாச் சொல்லும்," என்றாள் பிலோமி. "கரைக்குக் கேக்கணும்."